மூன்று கண்ணியில் நின்ற தாலாட்டு

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அப்படிப்பட்டவளைத்தான் எழுபதுகளில் போடிப் பக்கத்துப் பள்ளி ஒன்றில், பாலர் வகுப்புக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கப் போட்டார்கள். அதுவும் ஒரு வருடத்துக்கு மட்டும். தாளாளர் ஏலக்காய் வியாபாரி. மாதிரி பார்க்காமல் எதையும் எடுக்க மாட்டார். “ஆண்டு விழாவுல பிள்ளைக ஒரு பாட்டை முழுசாப் பாடட்டும் டீச்சர். அப்பறம் அடுத்த வருசத்தைப் பத்திப் பேசுவோம்” என்று சொல்லிவிட்டார். இந்த வேலை போனால் அண்ணன் வீட்டுக்குத் திரும்பிப் போய், அண்ணி முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். அதை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பிள்ளைகளுக்குத் தெரிந்ததாக இருக்கட்டும் என்று ஒரு தாலாட்டை எடுத்தேன். இரண்டிரண்டு அடியாக நான்கே கண்ணிகள். பாடச் சொன்னதும் எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டார்கள். கழுத்து நரம்பு புடைக்க, வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல் ஒரே கத்தல். தூங்குகிற பிள்ளைகூட அதைக் கேட்டால் எழுந்து ஓடிவிடும். மெதுவாகப் பாடச் சொன்னால் வாய் மட்டும் அசைந்தது, சத்தமே வரவில்லை. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்பார்கள்; என் பிள்ளைகள் ஐந்திலேயே இரும்பாக நின்றார்கள். நானும் கத்திப் பார்த்தேன். தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

ஒரு நாள் ஒரு சிறுமி தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு வகுப்புக்கு வந்தாள். அம்மா ஏலக்காய்த் தோட்டத்து வேலைக்கு ஜீப் ஏறிவிட்டாளாம். நடுப்பாடத்தில் அவன் சிணுங்க, மடியில் போட்டுத் தட்டிக்கொண்டே அதே தாலாட்டைப் பாடினாள். குரலைத் தாழ்த்தி, இழுத்து, அவன் கண் சொருகச் சொருக இன்னும் தாழ்த்தி. விசாரித்தால் வகுப்பில் பாதிப் பேர் வீட்டில் தூளி ஆட்டுகிறவர்கள். யாருக்காகப் பாடுகிறோம் என்று தெரியாமல் அவர்களைப் பாட வைத்தது என் தப்பு. அன்று எனக்கு வெட்கமாக இருந்தது.

மறுநாள் என் பழைய சேலையை உத்தரத்தில் தூளியாகக் கட்டி, ஒரு துண்டைச் சுருட்டி உள்ளே போட்டேன். அவ்வளவுதான், கட்டிய கைகள் எல்லாம் அவிழ்ந்தன. வகுப்பிலேயே பெரிய கத்தல்காரன் துண்டுக்கு மூக்குத் துடைத்துவிட்டுப் பாடினான். தினமும் நான்கு கண்ணியும் பிசகாமல் வந்தது.

விழா அன்று முன்வரிசையில் தாளாளர் மடியில் அவருடைய பேரன். வரவேற்புரையிலிருந்தே ஒரே அழுகை. பிஸ்கட்டுக்கும் அடங்கவில்லை, சாவிக்கொத்துக்கும் அடங்கவில்லை. மேடை ஏறிய என் பிள்ளைகள் அங்கே கட்டியிருந்த தூளியைப் பார்த்தார்கள், கீழே அழுகிற அவனைப் பார்த்தார்கள். அந்தச் சிறுமி துண்டை அப்படியே விட்டுவிட்டு மேடை விளிம்புக்கு வந்தாள். மற்றவர்களும் வந்து அவனைப் பார்த்துப் பாடத் தொடங்கினார்கள். இரண்டாம் கண்ணியில் அழுகை சிணுங்கலானது. மூன்றாம் கண்ணியில் தலை தாத்தா தோளில் சாய்ந்தது. உடனே பாட்டு நின்றுவிட்டது.

திரை ஓரத்திலிருந்து, “பாடு ஆத்தா, இன்னும் ஒரு கண்ணி இருக்கு” என்றேன்.

“பிள்ளை தூங்கிருச்சுல்ல டீச்சர்” என்றாள், இதுகூடத் தெரியாதா என்கிற முகத்தோடு.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. துண்டு ஒரு நாளும் தூங்கியதில்லை. அதனால்தான் இத்தனை நாளும் கடைசிவரை பாடியிருக்கிறார்கள். கூட்டத்தில் யாரோ கை தட்டத் தொடங்க, “கையத் தட்டாதீக” என்று அந்தச் சிறுமி அதட்டினாள். மொத்தக் கூட்டமும் அடங்கியது. பிள்ளைகள் பூனை நடை நடந்து மேடையை விட்டு இறங்கினார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. கூடவே அண்ணி முகமும் வந்து நின்றது.

அடுத்து தாளாளரின் தலைமையுரை. பேரனைத் தோளில் போட்டபடி மெல்ல என்னிடம் வந்தார்.

“என் பேச்சு வேணாம், முழிச்சுக்கிருவான்” என்று கிசுகிசுத்தார். “மிச்சக் கண்ணியை அடுத்த வருசம் பாடட்டும் டீச்சர்.”