அம்சத்தின் குட்டையில் கடல்தண்ணீர்

கீழ்வேளூரில் ரயில் பாதையைத் தாண்டிப் போகும் தெருவின் கடைசி வீடு செம்மொழியுடையது. வீட்டுக்குப் பின்னால் இடுப்பளவு மதில், அதற்கு அப்பால் வயல். நாகப்பட்டினத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை அவளுக்கு. வயது நாற்பதை நெருங்குகிறது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதைப் பற்றிக் கேட்பதை ஊர் நிறுத்தியும் பல வருடமாயிற்று. கூடவே இருப்பவர் அப்பா தங்கையன். காலமெல்லாம் அடுத்தவர் வயலில் நட்டு அறுத்து மகளைப் படிக்க வைத்தவர்.

அந்தத் தெருவில் கார் வைத்திருப்பவர்கள் உண்டு. வெளிநாட்டுப் பணத்தில் மாடி எழுப்பியவர்கள் உண்டு. கடலை வீட்டுக்குள் வைத்திருந்தவள் செம்மொழி ஒருத்திதான். கூடத்துச் சுவரை ஒட்டி நாலடி நீளத்தில் ஒரு உப்புநீர் மீன்தொட்டி. ஒருமுறை பயிற்சிக்காகச் சென்னைக்குப் போனபோது, தங்கியிருந்த ஓட்டலின் வரவேற்பறையில் அப்படி ஒன்றைப் பார்த்தாள். கூட வந்தவர்கள் சாப்பிட்டு முடித்துத் திரும்பும்வரை அதன் முன்னாலேயே நின்றாள். அவளுக்கு வேறு செலவில்லை, வேறு ஆசையுமில்லை. தொட்டி வந்தது, பாறை வந்தது, ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன் ஜோடி வந்தது. கடைசியாக, ஆக்ஸிஜன் அடைத்த பையில் பஸ் பார்சலாக ஒரு கடல் சாமந்தி வந்தது. பார்ப்பதற்குப் பூப்போல இருந்தாலும் அது ஓர் உயிர். பாறையில் ஒற்றைக் காலை ஊன்றிக்கொண்டு, விரல்விரலாகக் கைகளை நீட்டி இரை பிடித்துத் தின்னும்.

ஆடி முழுவதும் நன்றாகத்தான் இருந்தது. ஆவணி வெயிலில் கரண்ட் அடிக்கடி போக ஆரம்பித்தபோது அது சுருங்கியது. கைகள் குட்டையாயின. பழுப்பும் பச்சையுமாக இருந்த நிறம் வெளுத்தது. வாய் திறந்தே கிடந்தது. ஒருநாள் பாறையை விட்டுக் கழன்று, தொட்டியின் மூலையில் நனைந்த துணிபோலக் கிடந்தது.

நாகப்பட்டினத்தில் வண்ணமீன் கடை வைத்திருக்கும் ஜாஃபர் சாதிக்குக்குப் போன் செய்தாள். "தண்ணியில கொஞ்சம் மாத்திப் பாருங்க மேடம். கொஞ்சமா," என்றார்.

கொஞ்சம் மாற்றியதில் தேறவில்லை. அதனால் நிறைய மாற்றினாள். லீவு போட்டாள். டேபிள் ஃபேனைத் தண்ணீர்ப் பரப்பைப் பார்த்துத் திருப்பி வைத்தாள். இறாலைப் பொடியாக நறுக்கி இடுக்கியால் அதன் வாயருகே கொண்டுபோனாள். ஏறக்குறைய தினமும் பழைய தண்ணீரை எடுத்துவிட்டு, புதிதாக உப்புக் கரைத்து ஊற்றினாள். முன்பெல்லாம் பழைய தண்ணீரை வாளியில் தூக்கிப்போய் வாசல் தென்னைக்கு ஊற்றுவது வழக்கம். இப்போது அளவு கூடிப்போய் இடுப்பு வலித்ததால், ஒரு ரப்பர் குழாயைத் தொட்டியிலிருந்து எடுத்துப் பின்மதிலுக்கு மேலே போட்டுவிட்டாள். தண்ணீர் தானாக அந்தப் பக்கம் போனது.

அந்தப் பக்கத்தில் அம்சத்தின் குட்டை இருந்தது.

அம்சம் அடுத்த வீட்டுக்காரி. மூன்று மா, அதாவது ஒரு ஏக்கர் அளவு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துத் தனியாளாகச் சாகுபடி செய்கிறவள். செம்மொழிக்கு அத்தை முறை. செம்மொழி வேலைக்குப் போன நேரத்தில் தங்கையனுக்குக் குழம்பு கொண்டுவந்து கொடுப்பது அவள்தான். சம்பாவுக்காக மதிலோரம் நாற்று விட்டிருந்தாள். கடைமடை என்பதால் வாய்க்காலில் முறைவைத்துத்தான் தண்ணீர் வரும். முறை இல்லாத நாட்களில் அந்தக் குட்டையிலிருந்து குடத்தால் மொண்டு நாற்றுக்குத் தெளிப்பாள்.

குட்டை அங்கே இருப்பது செம்மொழிக்குத் தெரியும். குழாயைப் போட்ட அன்றே அது நினைவுக்கும் வந்தது. ஒரு வாளித் தண்ணீரில் என்ன ஆகிவிடப் போகிறது என்று நினைத்தாள். மறுநாளும் அதையே நினைத்தாள்.

நாற்று முதலில் நுனியில் காய்ந்தது. பிறகு திட்டுத்திட்டாக மஞ்சளானது. அம்சம் யூரியா போட்டுப் பார்த்தாள், சாம்பல் தூவிப் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. விதைநெல்லைக் கொடுத்தது தேவூரில் இருக்கும் அவள் தம்பி சேரன். ஒருநாள் மத்தியானம் பஸ் ஏறிப்போய், அவன் வீட்டு வாசலில் நின்று பேசிவிட்டு வந்தாள். வந்ததும் தங்கையனிடம் சொன்னாள்: "கூடப் பொறந்தவனே மட்ட வெதையக் குடுத்தா யார்கிட்ட போயி அழுவறது, சொல்லுங்கண்ண."

கூடத்தில் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்த செம்மொழிக்கு அது கேட்டது. கையிலிருந்த இடுக்கி அப்படியே நின்றது.

அம்சம் போனபின் மதிலேறி இறங்கி, குட்டைத் தண்ணீரைக் கிண்ணத்தில் எடுத்து வந்தாள். தொட்டியின் உப்பை அளக்க ஒரு சிறு கருவி வைத்திருந்தாள். கண்ணாடியில் ஒரு சொட்டு விட்டு வெளிச்சத்தைப் பார்த்துப் பிடித்தால் கோடு தெரியும். கோடு ஏறியிருந்தது. சந்தேகப்பட இடமே இல்லை.

சாயங்காலம் அம்சம் குடத்தோடு வந்தபோது செம்மொழி மதிலருகே போய் நின்றாள். சொல்லிவிடத்தான் போனாள்.

"அத்தை, அந்தக் குட்டைத் தண்ணிய எறைக்காதீங்க. உப்பா இருக்கு."

"உப்பா? ஒனக்கு எப்படித் தெரியும்?"

"மீன் தொட்டிக்கு அளக்குறது இருக்குல்ல. அதுல பாத்தேன்."

"போன வருசம் நல்லாத்தானே கெடந்துச்சு. அது எப்படி உப்பாவும்?"

அம்சம் குடத்தை இறக்கி வைத்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தாள். செம்மொழி பார்வையைக் குட்டைப் பக்கம் திருப்பிக்கொண்டாள். "கடத்தண்ணி அடியில ஏறி வருதுன்னு சொல்றாங்கல்ல அத்தை. அப்படி இருக்கும்," என்றாள்.

கடலுக்குப் பக்கத்து ஊரில் இதை யாரும் நம்பாமல் இருக்க மாட்டார்கள். அம்சம் நம்பினாள். மறுநாளைக்குள் தெருவே நம்பியது. அடிபம்புத் தண்ணீரைக் குடிக்கப் பயந்தார்கள். தங்கள் வீட்டு போர்வெல் தண்ணீரையும் பார்த்துச் சொல்லச் சொல்லி செம்மொழியைக் கூப்பிட்டார்கள். மறுக்க வழியில்லாமல் கருவியை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனாள். எங்கும் உப்பு இல்லை. "இங்க இன்னும் வரலீங்க," என்று சொல்லச் சொல்ல அவர்கள் நிம்மதியடைந்தார்கள். "நல்லவேள, படிச்ச புள்ள நம்ம தெருவுல இருக்க," என்றார் ஒருவர். தெருமுனை வீட்டு ரஹ்மத் பீவி கையைப் பிடித்து உட்கார வைத்து, முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்து அவித்த இனிப்பான வட்டிலப்பத்தைத் தட்டில் வைத்துக் கொடுத்தார். செம்மொழியால் ஒரு வாய்க்கு மேல் விழுங்க முடியவில்லை. சர்க்கரை ஆகாதா என்று கேட்டதற்கு ஆமாம் என்றாள். அது இன்னொரு பொய்.

வீடு திரும்பியபோது அம்சம் அப்பாவோடு வாசலில் உட்கார்ந்திருந்தாள். "குத்தகைய விட்டுடலாம்னு இருக்கேன்," என்று சொல்லிக்கொண்டிருந்தாள். "மண்ணே கெட்டுப்போச்சுன்னா என்னத்தப் போட்டு என்ன?"

"அத்தை," என்றாள் செம்மொழி. குரல் அவளுக்கே கேட்கவில்லை. மறுபடி கூப்பிட்டாள். "மண்ணு கெடல. உப்பு அடியிலேருந்து வரல. எங்க வீட்டுலேருந்து வந்துச்சு. தொட்டித் தண்ணிய நான்தான் மதிலுக்கு அந்தப் பக்கம் விட்டேன்."

அம்சம் எழுந்து பின்பக்கம் போனாள். குழாய் இன்னும் மதில்மேல் கிடந்தது.

"இந்தப் பைப்பா?"

"ஆமா."

"தெரியாம உட்டுட்ட."

ஆமாம் என்று சொன்னால் முடிந்திருக்கும். "தெரியாம இல்ல அத்தை. குட்டை இருக்குறது தெரியும். என்ன ஆயிடப்போவுதுன்னு விட்டேன்."

"அன்னிக்கு அளந்து பாத்து வந்து சொன்னியே. அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

அம்சம் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று செம்மொழிக்கு இருந்தது. குழாயை மதிலிலிருந்து இழுத்துக் கீழே போட்டுவிட்டுச் சொன்னாள்: "சேரன் வாசல்ல நின்னு, அவன் பொண்டாட்டி முன்னாடி, வாய்க்கு வந்ததெல்லாம் பேசிட்டு வந்தேன். அவன் ஒரு வார்த்த திருப்பிப் பேசல. வண்டிய எடு."

செம்மொழி ஸ்கூட்டரில் அம்சத்தைப் பின்னால் ஏற்றிக்கொண்டு தேவூர் போனாள். சேரன் களத்தில் சாக்கு தைத்துக்கொண்டிருந்தான். அக்காவைப் பார்த்ததும் எழுந்து நின்றான். அம்சம், "இவ சொல்லுவா, கேளு," என்று சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொண்டாள். செம்மொழி எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னாள். சேரனின் மனைவி ஜெயபாரதி நிலைப்படியில் நின்று கேட்டாள்.

"என்னமோ பூன்னீங்களே, அது சாப்பிடுறதுக்காங்க?" என்று கேட்டாள். கேலி இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"பூ இல்லங்க, அது ஒரு உயிரு. சாப்பிட முடியாது."

"பின்ன, மருந்துக்கு ஆவுமா?"

"இல்லங்க."

"அப்ப எதுக்கு?"

"பாக்குறதுக்கு."

ஜெயபாரதி சிரிக்கவில்லை. மெல்லத் தலையை ஆட்டிக்கொண்டாள். தலை குனிந்து நின்ற செம்மொழிக்குக் காது மடல் இரண்டும் எரிந்தன.

சேரன் அவளைப் பார்க்காமல் அக்காவிடம் மட்டும் பேசினான். "என் நாத்து மிஞ்சும்க்கா. பறிக்கிறப்ப ஆள் அனுப்பு. சாப்ட்டுட்டுப் போ." அம்சத்துக்கு அப்போதுதான் கண் கலங்கியது. தம்பி வீட்டில் கைகழுவி உட்கார்ந்தாள். செம்மொழிக்கும் இலை போட்டார்கள். சாப்பிட்டாள். அதை மறுக்கும் தகுதி தனக்கு இல்லை என்று தோன்றியது.

தெருவுக்கும் சொல்ல வேண்டியிருந்தது. போர்வெல் தண்ணீரை அளந்த வீடுகளுக்கெல்லாம் மறுபடி போனாள். சிலர் சிரித்தார்கள், ஒருவர் கதவருகிலேயே நிறுத்திப் பேசி அனுப்பினார். ரஹ்மத் பீவி மட்டும், "அன்னிக்கே சொல்லியிருக்கலாமேம்மா," என்றார்.

அந்த நாட்களில் அவள் தொட்டிப் பக்கமே போகவில்லை. மீன்களுக்கு இரை போட்டது அப்பாதான். பிறகு ஜாஃபர் சாதிக் வந்து பார்த்தார். "தெனம் தண்ணிய மாத்தி மாத்தியே அதக் கலங்கடிச்சிருக்கீங்க மேடம். உப்பு ஏறி எறங்கிக்கிட்டே இருந்தா அது எங்க தேறும்? சும்மா விடுங்க." சும்மா விட்டாள். ஐப்பசி மழை வந்து வெக்கை தணிந்தபோது அது மறுபடி பாறையில் காலை ஊன்றியிருந்தது. நிறமும் மெல்ல ஏறியது. கோமாளி மீன்கள் அதன் கைகளுக்குள் புகுந்துகொண்டன. இத்தனை நாள் எதற்காகத் தவித்தாளோ அது நடந்துவிட்டது. ஆனால் யாரையும் கூப்பிட்டுக் காட்ட அவளுக்கு மனம் வரவில்லை.

அம்சத்தின் நடவுக்கு லீவு போட்டுப் போனாள். தங்கையனுக்கு அது பிடிக்கவில்லை. "நீ சேத்துல எறங்கக் கூடாதுன்னுதான் நான் எறங்குனேன்," என்றார். அவள் செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டுக் கிளம்பினாள். வயலில் அவள் நட்ட வரிசை கோணலாக இருந்ததால், அம்சம் அவளைக் கரையேற்றி நாற்றுக்கட்டு எடுத்துப் போட வைத்தாள். மத்தியானம்வரை எடுத்துப் போட்டாள். அம்சம் தேவைக்குப் பேசினாள், குரலில் கோபமில்லை. தங்கையனுக்குக் குழம்பு வருவதும் நிற்கவில்லை. ஆனால் இப்போது மதில் வழியாகக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறாள், உள்ளே வருவதில்லை.

செம்மொழி இப்போது பழைய தண்ணீரை மொட்டைமாடிக்குத் தூக்கிப்போய், தார்ப்பாய் விரித்த தட்டையான தொட்டியில் ஊற்றுகிறாள். வெயிலில் வற்றியதும் உப்பைச் சுரண்டிப் பையில் கட்டி வைக்கிறாள். வாளியோடு படியேறும்போது தெருவில் போகிறவர்கள் எதற்கென்று கேட்கிறார்கள். புதிதாகக் குடிவந்தவர்களும் கேட்கிறார்கள். அவள் நின்று, முழுவதையும் சொல்லிவிட்டுத்தான் மேலே ஏறுகிறாள்.