இலையாக எண்ணப்பட்ட விரல்கள்

கண்ணை மூடினால் இன்றும் அந்தச் சிவப்புக் கோடு இறங்குகிறது.

தொண்ணூறுகளின் கடைசி. தாமிரபரணிக் கரையில் ஒரு நெல் ஆராய்ச்சிப் பண்ணை, அதில் நான் தற்காலிக உதவியாளன். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த அதிகாரி ஒரு கருவி கொண்டுவந்திருந்தார். ஜன்னலெல்லாம் கறுப்புத் துணி. பட்டப்பகலை இருட்டாக்கிவிட்டு, கருவி வீசும் சிவப்பு ஒளிக்கோட்டைப் பயிரின் தலையிலிருந்து பைய இறக்குவோம். கோடு பட்ட இடமெல்லாம் கம்ப்யூட்டரில் புள்ளியாகும். புள்ளிகள் கூடிக் கூடி, திரையில் ஒரு நெற்பயிர் எழுந்து நிற்கும். எந்தப் பக்கமும் திரும்பும். இலை, தண்டு, கதிர் என்று கருவியே நிறம் பிரித்து அளவு சொல்லும். பிறகு அதே பயிரைக் கத்தரியால் பிரித்து நாங்கள் அளப்போம். இரண்டும் ஒத்துவந்தால்தான் எனக்கு அடுத்த வருஷமும் வேலை.

வயலிலிருந்து பயிரைத் தொட்டியில் எடுத்துவருபவள் ஒரு அக்கா. கோடு இறங்கும்போது தொடக் கூடாது என்று அவளிடம் பலமுறை சொல்லியாயிற்று. ஆனால் சாய்ந்த பயிரைக் கண்டால் நிமிர்த்திக் கட்டியே பழகிய கை. ஆவணிக் காற்று கதவிடுக்கில் புகுந்த ஒருநாள், துவண்ட கதிருக்குத் தன்னையறியாமல் இரண்டு விரலைக் கொடுத்துவிட்டாள்.

இருட்டில் எனக்குத் தெரியவில்லை. பயிரைக் கத்தரித்து முடித்த பிறகுதான் திரையைப் பார்த்தேன். கதிருக்குக் கீழே இரண்டு விரல்கள், கணு மடிப்போடு. கருவி அவற்றை இலையென்று பச்சையாக்கியிருந்தது.

அக்காவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "இத்தனை வருசம் நாத்து நட்டதுக்கு இப்பந்தான் முளைச்சிருக்கு, தம்பி."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இலையளவு கூடிப்போயிருந்தது, மறுபடி எடுக்கப் பயிரும் இல்லை. விரல்களைப் புள்ளி புள்ளியாக அழித்து, பழைய பதிவின் மேலேயே சேமித்தேன். அளவு ஒத்துவந்தது.

புரட்டாசி அறுப்பில், வேறொருவர் களத்தில், கதிரடிக்கிற மெஷின் அவளுடைய அந்த இரண்டு விரல்களையும் எடுத்துக்கொண்டது.

கையில் கட்டோடு வந்து வாசலில் நின்றாள். "இல்லாத வெரலு அரிக்கி, தம்பி. சொன்னா சிரிக்காவ. அந்தப் பொட்டியில இருக்குல்லா? ஒருக்கா கண்ணால பாத்தா அடங்குமோன்னு வந்தேன்."

கம்ப்யூட்டரில் அந்தப் பயிரைத் திறந்தேன். கதிர் நின்றது. விழவேண்டிய கதிர், தாங்க ஒன்றுமில்லாமல், அந்தரத்தில் நின்றது. இப்படித் திருப்பினேன், அப்படித் திருப்பினேன், விரல்கள் பின்னால் எங்கோ ஒளிந்திருப்பதுபோல.

"நான்தான்க்கா அழிச்சேன்."

அவள் என்னைப் பார்க்கவில்லை. திரைக்கு அருகே குனிந்தாள். "இங்கனதான் பிடிச்சிருந்தேன்," என்று சொல்லி, இடக்கை நகத்தால், கதிருக்குக் கீழே அந்த வெறும் கறுப்பைச் சொறிந்தாள். கண்ணாடி கீச்சிட்டது.

அடங்குதா என்று கேட்டேன்.

"பொறுங்க, தம்பி," என்றாள்.