பௌர்ணமி பார்க்கிங்குக்காக எங்க டீம் தோற்கணுமாம்

எங்கள் ஃபுட்பால் கிளப்பின் ஓனர் இன்று காலை டீம் மேனேஜரான என் பெயின்ட் கடைக்கே வந்து, ஞாயிற்றுக்கிழமை மேட்ச்சில் ஜெயிக்க வேண்டாம் என்றார்.

ஜெயித்தால் முதல் டிவிஷன். பதினோரு வருஷமாக நாங்கள் காத்துக் கிடப்பது அதுக்குத்தான்.

"மேல போனா பௌர்ணமி அன்னைக்கும் நம்ம கிரவுண்டுல மேட்ச் போடுவாங்கண்ணா. கிரிவலத்துக்கு வர்ற காரையெல்லாம் எங்க நிறுத்துறது?"

போன வருஷம் கிளப்பையும் கிரவுண்டையும் இவர் வாங்கியபோது மாலை போட்டவன் நான். மனுஷன் வாங்கியது பார்க்கிங்கை மட்டும்தான் போல.

"நான் தள்ளுவண்டியில ஆரம்பிச்சவன். கடை வெச்சா செலவு ஜாஸ்தின்னு அங்கயே நின்னுருந்தா, இன்னைக்கு நீங்க எங்க வந்து உக்காந்திருப்பீங்க?"ன்னு கேட்டேன்.

கலர் பார்க்க வந்த பெயின்டர் சிரித்துவிட்டார். ஓனர் சிரிக்கவில்லை.

ஒரு மணி நேரம் கத்திப் பேசி முடித்தது இதுதான்: ஞாயிறு டீம் ஜெயிக்கத்தான் ஆடும். பௌர்ணமிக்கு கிரவுண்டு அவருக்கு. அன்று மேட்ச் வந்தால் கீழ்பென்னாத்தூரில் ஆடுவோம். அங்கே கிரவுண்டு வாடகையும், டீமுக்கும் ரசிகர்களுக்கும் வேனும் அவர் செலவு.

ஜன்னல் சீட்டு வேணும்கிறவங்க இப்பவே சொல்லிடுங்க.