மொழி புரியாத கார்ட்டூன்

மலேசியாவில் கோலா கிளாவாங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் குடியிருந்தபோது என் கணவர் லாரி விபத்தில் இறந்துபோனார். காரியமெல்லாம் முடியும்வரை ஆறு வயது மகள் செல்வியை என் அக்கா வீட்டில் விட்டிருந்தேன். அப்பா வெளியூர் வேலைக்குப் போயிருப்பதாகச் சொல்லி வைத்தேன். திரும்பி வந்தவள் யாரிடமும் வாய் திறக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை அவளைக் கடைத்தெருவுக்கு அழைத்துப் போனபோது மழை பிடித்துக்கொண்டது. வீடியோ கேசட் வாடகைக்கு விடும் கடையோரம் ஒதுங்கினோம். கடைக்காரச் சீன அம்மாள், "மாசோக் லா" என்று உள்ளே கூப்பிட்டு நாற்காலி போட்டார். டிவியில் ஜப்பானியக் கார்ட்டூன் ஓடிக்கொண்டிருந்தது. அதில் ஒரு சின்னப் பெண் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றாள். மொழி புரியாததால் நானே கதை கட்டினேன்.

"அவ அப்பா வேலைக்குப் போயிருக்காரு. சீக்கிரம் வந்துடுவாரு."

"இல்லம்மா," என்றாள் செல்வி. "அவ அப்பா செத்துட்டாரு. அவளுக்குத் தெரியும். அம்மா அழுவாங்கன்னுதான் பேசாம இருக்கா."

அவளை இழுத்து அணைத்துக்கொண்டேன். இருவரும் வாய்விட்டு அழுதோம். படம் முடிந்ததும் கடைக்கார அம்மாள் கேசட்டைப் பின்னுக்குச் சுற்றி, மறுபடியும் முதலிலிருந்து போட்டார். மழை விட்ட பிறகும் நாங்கள் எழுந்திருக்கவில்லை. செல்வி தன் அப்பாவைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தாள்.

அந்தப் படத்தில் அப்பா உண்மையிலேயே இறந்தாரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. அதை வரைந்த முகம் தெரியாதவர்களையும் அந்த அம்மாளையும் நினைத்தால் கை தானாகக் குவிகிறது.