யானை வாலும் என் கணவரின் ரப்பர் பலகையும்

மலேசியாவில் கெமாஸ் பக்கம் எங்கள் தோட்டத்துப் பாலர் பள்ளிக்கு, துண்டு துண்டாகப் பொருத்தும் யானை பஸல் செய்து தர ஒப்புக்கொண்டிருந்தேன். வளைவு நெளிவாக அறுக்கும் ஸ்க்ரோல் சா மெஷினில் நான் எப்போதும் பிளைவுட்தான் அறுப்பேன். என் கணவரோ, “வீட்டுல ரப்பர் மரப் பலகை சும்மா கிடக்கு. பிளைவுட் வெறும் ஒட்டுப் பலகைலா,” என்று மூன்று நாள் நச்சரித்தார். தொல்லை தாங்காமல் அதிலேயே அறுத்தேன்.

மறுவாரம் பள்ளி ஆசிரியை போன் செய்தார். “அக்கா, யானை வாலு ஒடிஞ்சிருச்சு. ஒரு பிள்ள அந்தத் துண்ட வாயில போட்டுக்கிட்டா. நல்லவேளை, பார்த்து எடுத்துட்டேன்.”

அந்த மெல்லிய வால் மரத்தின் நாருக்குக் குறுக்கே அமைந்திருந்தது. ஒடியாமல் என்ன செய்யும்? பிளைவுட்டில் மெல்லிய மரத் தாள்களை, நார் குறுக்கும் நெடுக்குமாக வரும்படி மாற்றி மாற்றி ஒட்டியிருப்பதால் சுலபத்தில் ஒடியாது. இது தெரிந்தும் அறுத்தேனே என்று என்மேலேயே எரிச்சல்.

இப்போது மெல்லிய பாகம் இருந்தால் நல்ல பிளைவுட் மட்டும்தான். ஒவ்வொரு துண்டையும் அழுத்தி வளைத்துப் பார்த்த பிறகே கொடுக்கிறேன். போன ஞாயிறு வீட்டுக்கு வந்தவர்களிடம் என் கணவர் சொல்கிறார்: “பஸலுக்கு பிளைவுட்தான் நல்லதுன்னு நான் அப்பவே சொன்னேன்லா.”