சத்தமில்லாமல் திறந்த கதவு

பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்தபோது நான் கணவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். "மர்ஹூம் நஸீர் பாஸ் அவர்களின் மனைவி காலமானார்கள். ஜனாஸா இன்று ளுஹர் தொழுகைக்குப் பின் நல்லடக்கம்" என்றார்கள். மாத்தளையில் எங்கள் சந்துக்கு அது போதும், யாரென்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். எனக்கு மட்டும் கோபம் வந்தது. அவருக்கு ஜெமீலா என்று சொந்தமாக ஒரு பெயர் இருந்தது. எனக்கு அவர் ராத்தா, அக்கா முறை. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அவரை அறிந்த உங்களுக்கு, அறிவிப்பில் வராததைச் சொல்கிறேன்.

நஸீர் பாஸ் தச்சுவேலைக்காரர்; கைத்தொழில் தெரிந்தவரை எங்கள் ஊரில் பாஸ் என்போம். இந்தச் சந்தில் பாதிக் கதவுகள் அவர் போட்டவை. தம் வீட்டு முன்கதவைத்தான் அவர் கடைசிவரை கவனிக்கவில்லை. மழையில் உப்பி, படியில் உரசி, ஆடு கத்துவது போலக் கத்திக்கொண்டு திறக்கும். பூட்டவே முடியாது. அவர் மௌத்தானதும் ராத்தா இத்தாவில் இருந்தார். கணவனை இழந்தவர் குறித்த காலம் முடியும்வரை வீட்டுக்குள்ளேயே இருக்கும் முறை அது. அதற்கு முந்திய வருடம்தான் என் கணவர் பக்கவாதத்தில் விழுந்தார். எனக்கு இத்தா இல்லை, அது முடிகிற நாளும் இல்லை. அவர் தூங்கும் நேரத்தில் பின்பக்கமாக ராத்தாவிடம் போய்வருவேன், அவ்வளவுதான்.

ராத்தாவின் அண்ணன் கண்டியிலிருந்து ஃபோன் எடுத்தார். "இத்தா முடிஞ்ச ஒடனே வேன் கொண்டு வாரேன். கதவே பூட்டேலாத ஊட்டுல பொம்பள தனிய ஈக்கேலா." ராத்தா ஃபோனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அங்க போனா மருமகள்ட குசினியில ஒரு மூலை. பொறகு நான் வெளிய வாறது மௌத்தாகிச் சந்தூக்குலதான். கதவுதானே பிரச்சினை? கதவச் சீவுவோம்."

வேறு பாஸைக் கூப்பிடலாமே என்றேன். அந்த நாட்களில் வெளி ஆண் வீட்டுக்குள் வருவதை அவர் விரும்பவில்லை. "அவர்ட சீவுளி கட்டிலுக்குக் கீழ ஈக்கிது. ஒன்ட அப்பாவும் பாஸ்தானே" என்றார்.

என் அப்பா என்னைச் சீவுளியின் அலகைத் தீட்டத்தான் விட்டார், சீவ விட்டதில்லை. ஆக இரண்டு பேரிடமும் சேர்த்துப் பாதி வித்தைதான் இருந்தது. கல்லை நனைத்து, அலகின் சரிவு முழுதும் படியும்படி வைத்துத் தேய்க்கச் சொன்னேன். ராத்தா அம்மி அரைப்பது போல மணிக்கட்டை ஆட்டினார்.

"ஆட்டாதீங்க ராத்தா, முனை உருண்டு போயிரும்."

"நாந்தான் அசையாம ஈக்கிறனே. கையுமா அசையக்கூடாது?"

பின்புறம் எழுந்த பிசிரைக் கட்டைவிரலால் தடவிக் காட்டினேன். அலகைப் படுக்கவைத்து அதை எடுத்தோம். நகத்தின் மேல் வைத்தால் வழுக்காமல் பிடித்தது, கூர் ஏறிவிட்டது. அன்று அவர் சொன்னதை இன்றும் நினைத்துக்கொள்கிறேன்: "கையில வேல ஈந்தா செவரு கிட்ட வாறதில்ல."

பலகைத் துண்டுகளில் பழகினோம். அலகு அதிகம் நீட்டியிருந்ததால் மரம் பிய்ந்தது. சீவுளிக் கட்டையின் பின்புறம் தட்டினால் அலகு உள்ளே போகும் என்று கண்டுபிடித்தவர் ராத்தாதான். ஆத்திரத்தில் சுத்தியலால் ஒரு போடு போட்டபோது அது தெரிந்தது. மரத்தின் இழை ஓடும் பக்கமாகத் தள்ளியதும் சீவல் சுருண்டு வந்தது. அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துச் சிரித்தார். பாஸ் போனபிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

கதவைக் கழற்றினால் வீடு திறந்து கிடக்கும். சந்தில் ஆண்கள் இல்லாத நேரம் வெள்ளிக்கிழமை ஜும்மா மட்டுமே. வாசலில் சேலையைக் கட்டிவிட்டு, திருகாணிகளைக் கழற்றி, ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் கதவைத் தூக்கினோம். அடிப்பக்கத்தை ஓரத்திலிருந்து நடுவை நோக்கிச் சீவினோம், இல்லாவிட்டால் முனை உடைந்துவிடும். "கொஞ்சமா எடுங்க, வெயிலுக்கு மரம் சுருங்கினா இடைவெளி விழும்" என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். தொழுகை முடிந்து செருப்புச் சத்தம் கேட்டபோது கடைசித் திருகாணியை முறுக்கிக்கொண்டிருந்தோம்.

இத்தா முடிந்ததும் அண்ணன் வேனோடு வந்தார். ராத்தா அவரை வெளியே நிற்கவைத்து, கதவை ஒற்றை விரலால் தள்ளிப் பூட்டினார். ஒரு சத்தமும் இல்லை. உள்ளேயிருந்து அண்ணனிடம், "நானா, பூட்டுதா?" என்று கேட்டார். அண்ணன் தேத்தண்ணி குடித்துவிட்டு வெறும் வேனோடு திரும்பினார். ராத்தா கடைசிவரை தம் வீட்டில்தான் இருந்தார்.

"ஒன்ட கதவையும் ஒரு ஜும்மாவுக்குச் சீவுவோம்" என்று அடிக்கடி சொல்வார். நான் வேண்டாம் என்பேன். எங்கள் கதவும் உரசும். அந்தச் சத்தத்தை வைத்துத்தான் நான் போனதும் வந்ததும் படுத்திருக்கும் கணவருக்குத் தெரியும்.

"அப்ப அது கதவில்ல, மாட்டுக்குக் கட்டின மணி" என்றார் ராத்தா. எனக்குச் சுருக்கென்றது.

அறிவிப்பு வந்ததும் மாத்தளைக்கு அப்பால் நாலந்தாவில் இருக்கும் மகளை வரச்சொன்னேன். அவள் வந்து அப்பாவோடு இருந்தால் நான் போய் முகம் பார்க்கலாம். பஸ் பிந்தியது. கணவர் என் கையை விடவில்லை. குளிப்பாட்டிக் கபன் துணி சுற்றுவதற்காகப் பக்கத்து வீட்டுக் கதவைச் சாத்தியிருந்தார்கள். அது திறக்கும் சத்தம் கேட்டதும் எங்கள் வாசலுக்காவது ஓடிவிடலாம் என்று காதைக் கொடுத்துக்கொண்டிருந்தேன். மகள் வந்து, "அம்மா, கொண்டு போயிட்டாங்க. ரோட்டுக்கே போயிட்டாங்க" என்றாள். நாங்கள் சீவிய கதவு எப்படிச் சத்தம் போடும்? மகள் எதிரில் நிற்க, வாய்விட்டு அழுதேன்.

போன மழைக்காலத்தில் ராத்தா கொண்டுவந்து வைத்த சீவுளி என்னிடம் இருக்கிறது. மகள் அன்றே பஸ் ஏறிவிட்டாள். அலகைக் கழற்றித் தீட்டினேன், நகத்தில் வைத்தால் பிடிக்கிறது. எங்கள் கதவையும் சீவியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. கதவைக் கழற்றித் தூக்க இரண்டு பேர் வேண்டும்.