கேடயம் என்று எழுதியிருந்த பலகை

வரலாற்று டீச்சருக்குச் சந்தேகம் கூடப்பிறந்தது. பரீட்சையில் இரண்டு பேர் ஒரே தப்பைச் செய்தால் போதும், தனித்தனியே உட்காரவைத்து மறுபடி எழுதச் சொல்வார். "நீ போலீஸ் வேலைக்குப் போயிருக்கணும்" என்பார் கணவர்.

அப்பேர்ப்பட்டவர், பதினெட்டு வருஷமாக அருங்காட்சியகத்தின் போர்க்கூடத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப்போய், அங்கே நின்ற ஆளுயர மரப்பலகையைக் காட்டி, அதன் கீழிருந்த அட்டையை அப்படியே வாசித்து வந்தார்: 'மலைக்குடி மக்களின் கேடயம். போரின்போது நம் படைக்கு அன்பளிப்பாகத் தந்தது.' பலகையின் நடுவே மூன்று ஓட்டைகள். எதிரியின் குண்டுகள் என்று அவரே சேர்த்துச் சொல்வார்.

இந்த முறை துணைக்கு ஒரு மாணவியின் அம்மா வந்திருந்தார். தையல் வேலை பார்ப்பவர், மலைக்குடிக்காரர்.

"இது கேடயம் இல்ல டீச்சர், வீட்டுக் கதவு" என்றார் அவர்.

பிள்ளைகள் முன்னால் பெருமைக்குச் சொல்கிறாரோ என்று டீச்சருக்கு அவர் மேலேயே சந்தேகம். "எப்படிச் சொல்றீங்க?"

"ஓரத்துல மேலயும் கீழயும் முளை நீட்டிட்டிருக்கு பாருங்க. அது குழியில உக்காந்துதான் கதவு சுத்தும். இதத் தூக்கவே ரெண்டு ஆள் வேணும், சண்டை எங்க போடுறது?" குரலைத் தாழ்த்தினார். "வீட்டுக் கதவ யாராச்சும் கழட்டி அன்பளிப்பாக் குடுப்பாங்களா?"

டீச்சருக்குச் சுருக்கென்றது. எதிரிப் படை ஆற்றைத் தாண்டவே இல்லை என்று வரைபடம் போட்டுப் பாடம் நடத்துகிறவர் அவர்தான். மலைக்குடி ஊர்களோ ஆற்றுக்கு இந்தப் பக்கம், நம் படை இருந்த பக்கம். அப்படியானால் சுட்டது யார்?

அருங்காட்சியகக் காப்பாட்சியரிடம், பொருள்கள் வந்த விவரம் எழுதிய பழைய பதிவேட்டைக் கேட்டார். "பைண்டிங்குக்குப் போயிருக்கு மேடம்" என்றார் அவர். அடுத்த வாரம் கேட்டபோது, பூச்சி மருந்து அடித்துப் பூட்டிவைத்திருப்பதாகச் சொன்னார். ஒரே புத்தகத்துக்கு இரண்டு காரணம். டீச்சர் துறைத் தலைமைக்கே எழுதிப் போட்டார். பத்தே நாளில் பதிவேடு மேசைக்கு வந்தது.

'கதவு, ஒன்று. காலிசெய்த குடியிருப்பிலிருந்து எடுத்தது' என்றிருந்தது. 'கதவு' அடிக்கப்பட்டு, மேலே வேறு மையில் 'கேடயம்'.

தையற்காரம்மாவிடம் அந்தப் பக்கத்தின் நகலைக் காட்டினார். அவர் இரண்டு தரம் படித்தார். "யார் வீட்டுக் கதவுன்னு எழுதலையா?"

"இல்லம்மா."

"காலிசெய்தன்னா, யாரு காலி பண்ணாங்க?"

டீச்சர் அந்த நகலை இணைத்துத் துறைக்கு இன்னொரு கடிதம் எழுதினார்.

மூன்று மாதம் கழித்து அட்டை மாறியது: 'மலைக்குடி வீட்டுக் கதவு. போர்க்காலம்.' அன்பளிப்பு போய்விட்டது. ஓட்டைகளைப் பற்றி மூச்சில்லை. டீச்சர் இப்போது அட்டையை வாசிப்பதில்லை. வரைபடத்தைத் தரையில் விரித்து, "ஆறு இங்க, ஊர் இங்க. சுட்டது யாரா இருக்கும்?" என்று பிள்ளைகளையே கேட்கிறார்.

அவர் வகுப்பு வரும் நாளில் மட்டும் ஒரு காவலாளி பத்தடி பின்னாலேயே வருகிறார். பிள்ளைகள் பொருள்களைத் தொடாமல் பார்த்துக்கொள்ளத்தானாம்.